அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும்

பழைய நிலப்படம் ஒன்று கைக்குக் கிடைத்தால், தமக்குத் தெரிந்த ஊர் அதில் எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டு எவருடைய கண்ணும் படத்தின் நடுவே அலைவது இயல்பு. ஆனால், ஒரு குறிப்பிட்ட ஸ்தலத்தில், ஒரு குறிப்பிட்ட காலத்தில், உண்மையாகவே ஓடிய ரயில் பாதையைச் சிறிய அளவில் மறுபடியும் நிர்மாணிப்பதைத் தொழிலாகக் கொண்டவன், நடுவை விட்டுவிட்டு, கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாசகத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். அந்த நிலம் எந்த ஆண்டில் அளக்கப்பட்டது, அளந்தது எந்த ஆண்டில் அச்சேறியது, இடையில் எந்தப் பகுதி திருத்தப்பட்டது என்னும் விவரங்கள் அங்கேதான் இருக்கும். 1955-ல் அச்சான படம் 1955-ஆம் ஆண்டைக் காட்டுகிறது என்று நம்பி வேலையைத் தொடங்குகிறவர், தாம் அறியாமலே 1920-ஆம் ஆண்டுக் கிராமத்தின் நடுவே 1955-ஆம் ஆண்டு ரயிலை ஓடவிட்டுவிடக் கூடும். என் தொழிலில் நான் கற்றவற்றுள் இதைவிட முக்கியமானது வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆகையால் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ரயில்வே எஞ்சினியரிங் பிரிவின் வரைபட அலுவலகம் ஒன்றில் டிராஃப்ட்ஸ்மேனாகப் பல ஆண்டுகள் உட்கார்ந்து, டிரேசிங் துணியின் மேல் மையிட்டுக் கோடு இழுத்துப் பழகிய கை என்னுடையது. ஓய்வு பெற்ற பின், பள்ளிக்கூடங்களுக்கும் கண்காட்சிகளுக்கும், ரயிலின் மேல் தீராத ஆசை கொண்ட தனி மனிதர்களுக்கும் மாதிரி ரயில் அமைத்துக் கொடுப்பது என் ஜீவனமும் சந்தோஷமும் ஆயிற்று. இந்தத் தொழிலில் இரண்டு மார்க்கங்கள் உண்டு. இல்லாத ஊரைக் கற்பித்து, அதற்கொரு பெயரிட்டு, மலையும் குகையும் பாலமும் தம் விருப்பப்படி வைத்துக்கொள்வது ஒன்று. உலகில் இருந்த, அல்லது இருக்கிற, ஓர் அசலான பாதையை எடுத்துக்கொண்டு, அதன் வளைவும் யார்டும் கட்டிடமும் எவ்வாறு இருந்தனவோ அவ்வாறே செய்ய முயல்வது மற்றொன்று. முதல் மார்க்கத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். சிருஷ்டி சக்தி உள்ளவர்களுக்கு அதில் பெரிய இன்பம் உண்டு. ஆனால் என் மனம் எப்போதும் இரண்டாவதையே நாடியது. நிஜத்தில் ஒரு பாதை ஏன் அந்த இடத்தில் வளைந்தது என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும்போது உண்டாகும் திருப்தி, நானாக ஒரு வளைவைப் போட்டுவிடுவதில் எனக்குக் கிடைப்பதில்லை.

சென்னையில் வசிக்கும் ஓர் அன்பர், தம் வீட்டு மாடியில் பன்னிரண்டடிக்குப் பத்தடி அறை ஒன்றை ஒழித்து வைத்துக்கொண்டு, பாம்பன் பாலமும் தனுஷ்கோடிப் பாதையும் வேண்டும் என்று கேட்டபோது, நான் செய்தவற்றுள் மிகக் கடினமானதும் மிகப் பிரியமானதுமான வேலை என்னை வந்து அடைந்தது. கடினம் என்று சொல்வதற்குக் காரணம், போய்ப் பார்த்து அளந்துகொண்டு வருவதற்கு அங்கே பாதை இல்லை என்பதே. மதுரையிலிருந்து மண்டபம் வரை 1902-ல் வந்த மீட்டர் கேஜ் பாதை, 1914 பிப்ரவரி 24-ல் பாம்பன் பாலம் திறந்தபோது கடலைத் தாண்டி ராமேஸ்வரத் தீவுக்குள் சென்றது. அதுவரை தூத்துக்குடிக்குப் போய்க்கொண்டிருந்த கொழும்புப் பிரயாணிகள், அது முதல் எழும்பூரில் போட் மெயில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, நீராவிக் கப்பலில் தலைமன்னார் சென்று, அங்கே இலங்கை ரயிலில் ஏறினார்கள். 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு வந்த புயலில் ஊரும் ஸ்டேஷனும், ஸ்டேஷனை நெருங்கிக்கொண்டிருந்த பாம்பன் பாசஞ்சரும், அதில் இருந்த ஜனங்களும் அழிந்தார்கள். பாலத்தின் கர்டர்களில் பெரும்பாலானவை கடலில் விழுந்தன, எஞ்சினியர் இ. ஸ்ரீதரன் தலைமையில் பாலத்தை 46 நாட்களில் சீர்ப்படுத்தினார்கள். ஆனால் தனுஷ்கோடிப் பாதையை மறுபடியும் போடவில்லை. பாலமும் 2007-ல் அகலப் பாதையாயிற்று. 2025 ஏப்ரலில் அதன் பக்கத்தில் செங்குத்தாக உயரும் பகுதியுடைய புதிய பாலத்தைத் திறந்துவிட்டார்கள். ஆகவே, அந்த அன்பர் கேட்ட பாதை, காகிதத்திலும் சில முதியவர்களின் ஞாபகத்திலும் மாத்திரமே மிஞ்சியிருந்தது.

எந்த ஆண்டைக் கட்டுவது என்பது எங்களுக்குள் எழுந்த முதல் விவாதம். பாலம் திறந்த 1914-ஆம் ஆண்டே வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொன்னார். பாலத்தின் பிறந்த நாளைக் கட்டுவதில் ஒரு பெருமை இருப்பது உண்மைதான். ஆயினும், மாதிரி ரயிலுக்கு ஆண்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெருமையை அன்று, சாட்சியத்தையே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். எந்த ஆண்டைச் சுற்றி அதிகமான நிலப்படங்களும் யார்டு பிளான்களும் புகைப்படங்களும், கண்ணால் கண்டு சொல்லக்கூடிய மனிதர்களும் இருக்கிறார்களோ, அந்த ஆண்டே கட்டத்தக்க ஆண்டு. கையில் கிடைத்தவற்றையெல்லாம் ஆண்டுவாரியாக மேஜையில் பரப்பி வைத்து அவரிடம் காட்டினேன். 1914-ன் பக்கத்தில் இரண்டொரு தாள்களே இருந்தன; 1950-ஐ ஒட்டிக் குவியலாகக் கிடந்தன. அதைப் பார்த்த பின் அவரே 1952-ஐ ஒப்புக்கொண்டார். 1951 ஏப்ரல் 14-ல் தென்னிந்திய ரயில்வே மற்ற ரயில்வேகளோடு சேர்ந்து தெற்கு ரயில்வே ஆயிற்று ஆதலால், பழைய பெயர் எழுதிய பெட்டியையும் புதிய பெயர் எழுதிய பெட்டியையும் ஒரே வண்டியில் கோத்துவிட அந்த ஆண்டு இடம் கொடுத்தது. தலைமன்னார் செல்லும் இர்வின், கோஷன் என்னும் கப்பல்கள் இரண்டும் அப்போது ஓடிக்கொண்டிருந்தன. 1988-ல் வந்த சாலைப் பாலத்தை இன்றைய புகைப்படங்களிலிருந்து மனத்தால் அழித்துவிட வேண்டும் என்பதும் அப்போதே தெளிவாயிற்று.

நிலப்பட விஷயத்தில் மேல்நாட்டு மாதிரி ரயில்காரர்களின் பாக்கியத்தை எண்ணி நான் பல முறை ஏங்கியதுண்டு. பிரிட்டனில் ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிட்ட, ஒரு மைலுக்கு ஏறக்குறைய 25 அங்குலம் அளவுள்ள பழைய தாள்களில், யார்டின் ஒவ்வொரு தண்டவாள ஜோடியும் தனித்தனிக் கோடாகவும், டர்ன்டேபிள் வட்டமாகவும், சிக்னல் கம்பமும் சிக்னல் அறையும் சுருக்கெழுத்துகளோடும் காணப்படும். அமெரிக்காவிலோ, நெருப்பு இன்ஷூரன்ஸ் கம்பெனிகளின் உபயோகத்துக்காக 1867-ல் தொடங்கிய சான்பர்ன் நிறுவனத்தார், ஓர் அங்குலத்துக்கு 50 அடி வீதம் ஊர் ஊராக அளந்து, செங்கல் கட்டிடத்துக்கு இளஞ்சிவப்பும் மரக் கட்டிடத்துக்கு மஞ்சளும் தீட்டி வைத்திருக்கிறார்கள். தீப்பிடித்தால் எவ்வளவு நஷ்டம் வரும் என்று கணக்கிட வரைந்த படம், நூறு ஆண்டு கழித்து, ரயிலடிக் கிடங்கின் சுவர் செங்கல்லா பலகையா என்று ஒரு மாதிரி ரயில்காரருக்குச் சொல்லுகிறது. நம் நாட்டில் நிலத்தை அளந்தவர்கள் வேறு நோக்கங்களுக்காக அளந்தார்கள். படையை நடத்துவதற்கும் தேசத்தை அறிவதற்கும் சர்வே ஆப் இந்தியா அளந்தது. வரி விதிப்பதற்கு ரெவின்யூ இலாகா அளந்தது. கப்பல் தரை தட்டாமல் இருப்பதற்கு மாலுமிகள் அளந்தார்கள். தன் சொத்தின் எல்லையை நிலைநாட்ட ரயில்வே அளந்தது. ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதைக் கண் திறந்து பார்த்து, வேண்டாததைக் கண் மூடித் தாண்டிப் போயிருக்கிறது. ஆகையால் நமக்கு ஒரே படத்தில் எல்லாம் கிடைப்பதில்லை. நான்கையும் ஒன்றோடொன்று பொருத்தியே உண்மையை நிர்ணயிக்க வேண்டியிருக்கிறது.

ஓர் அங்குலம் ஒரு மைல் அளவுள்ள டோப்போ ஷீட்டுகளில், பாலமும் பாம்பனும் 58 ஓ/3 என்ற தாளிலும், ராமேஸ்வரம் 58 ஓ/7-லும், தனுஷ்கோடி 58 ஓ/8-லும் விழுகின்றன. கடலோரத்துப் பெரிய அளவுப் படங்கள் நம் நாட்டில் வெகுகாலம் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டிருந்தமையால், பழைய தாள்களை நூலகங்களில் வைத்து மெல்லிய தாளில் பிரதி எடுத்தே வேலை செய்தேன். இந்தத் தாளில் ரயில் கோட்டின் கனம் அரை மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது நிலத்தில் 32 மீட்டர் அகலத்துக்குச் சமம். நிஜமான மீட்டர் கேஜ் கரையோ அதில் ஒரு சிறு பங்குதான். ஆகவே யார்டில் எத்தனை லைன் இருந்தது என்று இந்தப் படத்தைக் கேட்பது வீண். கேட்க வேண்டியது வேறு: பாதை எந்தத் திசையில் போகிறது, கடல் எந்தப் பக்கம் நெருங்குகிறது, சாலை எங்கே குறுக்கிடுகிறது, மணல் மேடு எங்கே. பனைக்கு ஒரு குறியும் தென்னை முதலிய மற்றவற்றுக்கு வேறொரு குறியும் இட்டு மரங்களைப் பிரித்துக் காட்டுவது இந்தத் தாள்களின் விசேஷம். தீவில் எங்கே பனங்காடு, எங்கே தென்னந்தோப்பு என்பதை அதைக் கொண்டே தீர்மானித்தேன். பார்வைக்கு இது சிறிய விஷயம். ஆனால் ராமநாதபுரத்துச் சீமையில் பிறந்த ஒருவர் அந்த மாதிரியைப் பார்த்தவுடன் தம் ஊரென்று அறிந்துகொள்வது, எஞ்சினைப் பார்த்து அன்று, பனை நிற்கும் இடத்தைப் பார்த்தே.

பழைய தாள்களோடு பழகுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இந்தியாவின் தீர்க்கரேகைகளெல்லாம் சென்னை நுங்கம்பாக்கத்து வானாராய்ச்சி நிலையத்தின் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு கணக்கிடப்பட்டவை. அந்த ஆதார எண்ணிலேயே சிறு பிழை இருந்தது பின்னால் தெரியவந்தது. ஆகையால் பத்தொன்பதாம் நூற்றாண்டு அளவையைத் தழுவிய பல தாள்களில், தீர்க்கரேகையைச் சுமார் இரண்டரை நிமிஷம் குறைத்துக்கொள்ளும்படி ஒரு குறிப்பு அச்சிட்டிருப்பார்கள். பாம்பனின் அட்சத்தில் அது நாலரைக் கிலோமீட்டருக்கு வருகிறது. அந்தக் குறிப்பைக் கவனியாமல் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பழைய படத்தை வைத்தால் தீவின் ரயில் நடுக்கடலில் ஓடும். என்னோடு வேலை செய்த இளைஞர் ஒருவர் கம்ப்யூட்டரில் இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தும் வித்தையை அறிந்தவர். எண்களை நம்பாமல் பொருளை நம்பும்படி அவரிடம் சொன்னேன். ராமநாதசுவாமி கோயிலின் மதில் மூலைகள், பாலத்தின் இரு கரை முனைகள், பழைய சாலைச் சந்திகள் ஆகிய அசையாத இடங்களைப் பிணைப்புப் புள்ளிகளாக வைத்துப் பொருத்தியபோது, கைவிடப்பட்ட பாதையின் கரை, செயற்கைக்கோள் படத்தில் மங்கலாகத் தெரிந்த மணல் வரம்பின்மேல் வந்து படிந்தது. கடற்கரையை மட்டும் பிணைப்புக்கு எடுத்துக்கொள்ளலாகாது. அந்த மணற்கரை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறுவது. ஓர் ஆண்டின் கரை மற்றோர் ஆண்டுக்கு ஆகாது.

அமெரிக்க ராணுவத்தின் நிலப்பட இலாகா 1950-களில் இந்தியா முழுவதற்கும் 1:250,000 அளவில் வெளியிட்ட படங்கள் எளிதில் கிடைக்கின்றன. பலர் அவற்றையே முதலில் நாடுகிறார்கள். அழகான அச்சு, ஆனால் அவை புதிதாக நிலத்தில் இறங்கி அளந்தவையல்ல. பெரும்பாலும் சர்வே ஆப் இந்தியாவின் பழைய தாள்களிலிருந்து தொகுத்தவை. எந்தப் பகுதி எதிலிருந்து எடுத்தது என்பதை ஓரத்தில் சிறு படமாகவே நேர்மையோடு காட்டியிருக்கிறார்கள். அந்த ஓரத்தைப் பார்த்த பின் நான் அதைத் தனிச் சாட்சியாகக் கொள்ளவில்லை. ஒருவர் சொன்னதையே இரண்டாமவர் திருப்பிச் சொன்னால் சாட்சி இரண்டாகிவிடாது.

யார்டின் வடிவத்தை அறிய எனக்கு உதவியவை கிராமப் படங்கள். சென்னை ராஜதானியில் 1858-ல் தொடங்கிய ரெவின்யூ சர்வேயின் வழிவந்த இவை, பழைய வழக்கப்படி ஒரு மைலுக்கு 16 அங்குலம், அதாவது ஓர் அங்குலத்துக்கு ஐந்து சங்கிலி, 330 அடி. ரயில்வே நிலம் இவற்றில் புறம்போக்காகத் தனிச் சர்வே நம்பரோடு நீண்ட நாடாவைப் போலக் கிடக்கும். உள்ளே தண்டவாளம் இராது. வரி இலாகாவுக்குத் தண்டவாளத்தால் ஆவது ஒன்றுமில்லை. ஆனால் அந்த நாடாவின் அகலம் பேசும். ஒரே சீராக வந்துகொண்டிருந்த நிலம் ஓரிடத்தில் விரிந்து, சில நூறு கஜம் சென்று மறுபடியும் குறுகினால், விரிந்த நீளத்துக்குள்தான் லூப் லைனும் சைடிங்கும் அடங்கியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மாத்திரம் திடீரெனப் புடைத்தால், கரைக்கு மண் எடுத்த பள்ளமோ, ஊழியர் குடியிருப்போ அங்கே இருந்திருக்கும். கோடு போடாத இடத்திலிருந்து இவ்வாறு அறிந்துகொள்வதே நிலப்படத்தைப் படிக்கும் கலையில் எனக்கு மிகவும் பிடித்த பாகம். இங்கேயும் அளந்த ஆண்டு குறுக்கிட்டது. ராமநாதபுரத்தில் பெரும் பகுதி ஜமீன். 1948-ஆம் ஆண்டு எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்பே அந்த நிலங்கள் ரயத்துவாரி முறைக்குள் வந்தன. எனக்குக் கிடைத்த கிராமப் படங்களும் அதற்குப் பின் அளந்தவையே. 1914-ஐக் கட்ட நினைத்திருந்தால் அவற்றை நம்ப முடியாது. 1952-க்கோ அவை சமகாலச் சாட்சிகள். ஆனால் அளவெடுப்பதில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். நான் எடுத்துக்கொண்ட 1:87 அளவில், கிராமப் படத்தின் ஓர் அங்குலம் என் மேஜையில் மூன்றே முக்கால் அடிக்கு மேல் விரிகிறது. படத்தில் மயிரிழை தவறினால் மேஜையில் விரற்கடை தவறும்.

அந்தக் குறையை நிரப்புவது ரயில்வேயின் சொந்த யார்டு பிளான். நான் வாழ்நாளெல்லாம் வரைந்தவை அவை. ஆகையால் அவற்றின் குணமும் எனக்குத் தெரியும். டிரேசிங் துணியும் ப்ளூபிரிண்ட் காகிதமும் ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும்; நீளவாட்டில் ஒருவிதமும் அகலவாட்டில் வேறுவிதமும் சுருங்குவதுண்டு. ஜெராக்ஸ் எடுத்த பிரதியில், தலைப்பில் எழுதிய அளவு பொய்யாகிவிடும். வரைந்திருக்கும் அளவுகோல் மாத்திரம் படத்தோடு சேர்ந்து சுருங்குவதால் மெய்யாகவே இருக்கும். ஆகவே அளவுகோலை வைத்தே அளக்க வேண்டும். அதையும் குறுக்கே ஒரு முறை, நெடுக்கே ஒரு முறை, தெரிந்த நீளம் ஒன்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும். பாயிண்டுகளின் கோணமும் இந்தப் பிளான்களிலிருந்தே தெரியவரும். நம் ரயில்வேயில் 1-க்கு 8½, 1-க்கு 12 என்னும் கிராசிங்குகளே வழக்கம். கடைகளில் விற்கும் மாதிரிப் பாயிண்டுகளில் பல 12 பாகைக் கோணத்தில், அதாவது ஏறக்குறைய 1-க்கு 4¾ விகிதத்தில், வெடுக்கென்று பிரிபவை. அவற்றைப் பதித்தால் யார்டு பொம்மை யார்டாகிவிடும். ஆதலால் கண்ணில் முதலில் படும் பாம்பன் யார்டுப் பாயிண்டுகளை மாத்திரம் 1-க்கு 8½ ஆகவே கையால் செய்தேன். மறைவில் இருப்பவற்றைக் கடையில் வாங்கினேன். மீட்டர் கேஜ் இந்த அளவில் பதினொன்றரை மில்லிமீட்டர் ஆகிறது. 12 மில்லிமீட்டர் தண்டவாளம் தயாராகக் கிடைப்பதால் அதையே உபயோகித்தேன். அரை மில்லிமீட்டரை எந்தக் கண்ணும் குற்றம் சொல்லாது.

கடற்படத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பாலத்தில் திறந்து மூடும் பகுதி சிகாகோவைச் சேர்ந்த ஷெர்சர் முறையில் அமைந்தது. இரு இலைகளும் உருண்டு பின்வாங்கி மேலெழும். அது எந்த இடத்தில் வரவேண்டும் என்பதைத் தீர்மானித்தது எஞ்சினியரின் ரசனை அன்று, கப்பல் செல்லும் கால்வாயின் ஆழம். தண்ணீரின் நிறத்தைத் தீட்டுவதற்கும் ஆழம் காட்டும் எண்களே எனக்கு வழிகாட்டின. ஆழமான இடத்தில் கருநீலமும், பாறை தட்டும் இடத்தில் வெளிர் பச்சையும் வர வேண்டுமல்லவா?

இத்தனை படங்களுக்கும் எட்டாதது ஒன்று இருந்தது. அந்தப் பாதையில் கேங்மேனாக வேலை பார்த்த, எண்பதைத் தாண்டிய பெரியவர் ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டு, ராமநாதபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் போய்ப் பார்த்தேன். திண்ணையில் படத்தை விரித்து, "ஐயா, இந்தக் கோடு சரிதானா, பாருங்கள்" என்றேன். வெகுநேரம் விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோடெல்லாம் சரியாத்தான் போட்டிருக்காக, தம்பி. ஆனா அந்த லயனு வெளிய தெரியிறதே கொஞ்ச நாளுதான். காத்து கெளம்புனா மண்ணு ஏறி மூடிப்புடும். அத வாரித் தள்றதுதான் எங்க பொழப்பு" என்றார்.

"எந்தப் பக்கத்திலிருந்து ஏறும், ஐயா?"

"சோழகத்துல தெக்க இருந்து வரும். வாடையில வடக்க இருந்து வரும். வாருன மண்ணு மறுநா வேற பக்கமா வந்து நிக்கும்."

எந்த மாதத்தைக் காட்டுகிறோம் என்று அதுவரை நானும் அன்பரும் யோசித்திருக்கவில்லை. அந்தப் பெரியவரின் பேச்சைக் கேட்டுவிட்டு வந்த பின், சோழகக் காற்று வீசும் ஆனி மாதம் என்று நிர்ணயித்து, தென்புறத்து ஸ்லீப்பர் முனைகளெல்லாம் மணலில் அமிழ்ந்து, வடபுறத்து முனைகள் தெரியும்படி அமைத்தேன். அந்த மாதிரியில் எனக்கு மிகுந்த திருப்தி அளிக்கும் பகுதி பாலம் அன்று, அந்த மணல்தான்.

இனி, குறுக்கும் விஷயம். பாலத்தின் நீளம் 6,776 அடி. 1:87 அளவில் அது 78 அடி. ஒரு மைல் ஏறக்குறைய 61 அடி. பன்னிரண்டடி அறையில் இவை அடங்கா. 10 பாகை வளைவென்று ரயில்வேயில் மிகக் கடுமையாகக் கருதும் வளைவுகூட மேஜையில் இரண்டு மீட்டர் ஆரம் கேட்கும். ஆகவே எதைக் குறைப்பது, எதைக் குறைக்கலாகாது என்பதில்தான் கட்டுகிறவனுடைய விவேகம் தெரியும். நீளத்தைக் குறைக்கலாம், வரிசையைக் குலைக்கலாகாது என்பது நான் கடைப்பிடிக்கும் விதி. மேற்கே மண்டபம், பிறகு கடல், பிறகு பாம்பன், அங்கே பாதை இரண்டாகப் பிரிந்து ஒன்று ராமேஸ்வரத்துக்கும் ஒன்று தனுஷ்கோடிக்கும் போவது என்னும் வரிசை படத்தில் எப்படியோ அப்படியே இருக்க வேண்டும். அக்காலத்தில் தனுஷ்கோடிக்குப் போவதே மெயின் லைன், ராமேஸ்வரத்துக்குப் போவது கிளை. 1964-க்குப் பின் வந்த படங்களைப் பார்த்தவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். பாலத்தின் 145 நாற்பதடிக் கர்டர்களில் பத்தை மாத்திரம் வைத்துக்கொண்டு, திறக்கும் பகுதியைக் குறுக்காமல் முழு அளவில் செய்தேன். ஒவ்வொரு கர்டரையும் சிறிது சிறிதாகக் குறுக்கி எண்ணிக்கையைக் கூட்டியிருக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சம்மதமில்லை. எண்ணிக்கை குறைந்தால் பாலம் குட்டையாகும். விகிதம் குறைந்தால் அது பாம்பன் பாலமே அல்லாமல் போகும்.

அறையைத் திசையோடு பொருத்தியதில் எனக்கு ஒரு நன்மை கிடைத்தது. வடக்குச் சுவரை ஒட்டிப் பாலத்தை வைத்தால், அறைக்குள் நின்று வடக்கே பார்ப்பவருக்கு இடக்கையில் மண்டபமும் வலக்கையில் பாம்பனும், பின்னணியில் பாக் ஜலசந்தியும் அமைந்துவிடுகின்றன. வடகிழக்கு மூலையில் பாம்பன் ஜங்ஷன். அங்கே ராமேஸ்வரக் கிளை மூலைக்குள் மறைகிறது. மெயின் லைன் திரும்பிக் கிழக்குச் சுவரோரமாகத் தெற்கே இறங்கித் தனுஷ்கோடி துறையில் முடிகிறது. நிலப்படத்தை அந்த அறையின் தரையில் வடக்கு வடக்காகவே விரித்தால், படத்தின் பாதையும் மேஜையின் பாதையும் ஒரே திசையில் போகும். மண்டபத்துக்கு அப்பால் உள்ள உலகமெல்லாம், எழும்பூர் உட்பட, மேற்குச் சுவரோரம் மறைத்து வைத்த யார்டில் அடங்கியது. மண்டபம் காம்பின் ஸ்டேஷனை மாத்திரம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன நம் ஜனங்களை, இலங்கை அரசாங்கத்தின் காம்பில் தங்கவைத்து, நோய் இல்லை என்று கண்ட பின்னரே கப்பலுக்கு அனுப்பிய இடம் அது. பிற்காலத்தில் அதே இடத்தில் இலங்கையிலிருந்து அகதிகளாக வந்தவர்கள் தங்கினார்கள். அதற்கென்று ஒன்றரையடி ஒதுக்கினேன். அதனால் தனுஷ்கோடியில் ஒரு சைடிங் குறைந்தது. அந்த மாற்றம் நியாயமென்றே இன்றும் நினைக்கிறேன்.

புயலுக்குப் பின் நின்ற இடிபாடுகளையும் ஒரு மூலையில் வைக்க வேண்டும் என்று பார்க்க வந்தவர்களில் பலர் யோசனை சொன்னார்கள். அன்பரும் நானும் உடன்படவில்லை. 1952-ஆம் ஆண்டின் தனுஷ்கோடியில் தபாலாபீசும் ரயிலடியும் துறையும் ஜனங்களும் இருந்தார்கள். அவர்களுக்கு வரப்போவதை அவர்கள் அறிய மாட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட ஆண்டுக்கு நாம் உண்மையாக இருக்க வேண்டுமானால், நமக்குத் தெரிந்ததை அவர்கள்மேல் ஏற்றலாகாது.

இதைப் படிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த தகப்பனாரோ பாட்டனாரோ உள்ள வீடுகளில், பரண்மேல், தகரக் குழாயிலோ பழைய டிரங்குப் பெட்டியிலோ, சுருட்டி வைத்த யார்டு பிளானும் ப்ளூபிரிண்டும் வேலை நேர அட்டவணையும் இருக்கக் கூடும். மீட்டர் கேஜ் பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாக அகலப் பாதையானபோது, அலுவலகங்களில் அவற்றுக்கு வேலையில்லாமல் போயிற்று. வீடுகளில் இருப்பவையே பல யார்டுகளுக்கு இனிமேல் கிடைக்கக்கூடிய சாட்சியம். அவற்றைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். நீலத்தாளை வெயிலில் விரிக்காதீர்கள், வெளிறிப் போகும். மடிக்காதீர்கள், மடிப்பில் கிழியும். பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. நிழலில் விரித்து, பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, ஓரத்து எழுத்துக்கள் முழுவதும் விழும்படி படம் பிடித்துக்கொண்டு, அசலை ஒரு நூலகத்துக்கோ ரயில் அருங்காட்சியகத்துக்கோ கொடுத்துவிடுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யாருடைய கையிலிருந்து வந்தது என்பதைப் பென்சிலால் பின்புறம் எழுதிக் கொடுங்கள்.